சிவப்புப் பொட்டுக்காரன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரே ஒரு பந்திதான் எழுதியிருந்தேன். போன வருடம் கனடாவில் மூத்த மகள் வீட்டில் மூன்று மாதம் நின்றபோது, பின்வளவில் தொங்கிய சீனித் தண்ணீர்ப் போத்தலுக்கு ரீங்காரச் சிட்டுகள் (ஹம்மிங்பேர்ட்) வந்ததையும், வலசை போவதற்கு முன் அவற்றின் இளசுகள் அடித்த கூத்தையும் பற்றி. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. திருகோணமலையில் ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது கனடாவில் ஒரு பிள்ளை இருப்பது காரணமாக இருக்கலாம். 31 வருடம் தபாலதிபராக இருந்தவளுக்குக் கடிதக் கட்டைக் கண்டால் கை தானாகவே பிரிக்கத் தொடங்கிவிடும். ஒரே கேள்வியைக் கேட்டவர்களை ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

என் மகளும் ஸ்காபரோவில் அப்படி ஒரு போத்தல் தொங்கவிட்டிருக்கிறாள். செப்டெம்பர் பிறந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் குருவிகள் சாப்பாட்டு ருசியில் நின்றுவிடும், பிறகு குளிரில் விறைத்துச் செத்துப்போகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாராம். உண்மையா அம்மா?
ஒரு தாய், உப்புவெளி

கழற்ற வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். என் மகளின் அயலவரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து இதையேதான் சொன்னார். நல்ல மனிதர், தக்காளிப்பழம் தந்தவர், ஆனாலும் சொன்னது பிழை.

புறப்படும் நேரத்தைச் சாப்பாடு தீர்மானிப்பதில்லை. பகல் குறுகுவதை அந்தப் பறவையின் உடம்பு அறிந்துகொள்கிறது. அறிந்ததும் அதற்கு ஓர் அகோரப் பசி பிடிக்கிறது. 3 கிராம் அளவில் இருந்த சிட்டு கொழுப்புச் சேர்த்து ஏறக்குறைய 6 கிராமுக்கு வந்துவிடும், அதாவது இரண்டு மடங்கு. போத்தல் அந்தக் கொழுப்புக்கு உதவுமே தவிர ஆளைப் பிடித்து வைக்காது. அதற்கு அத்தாட்சி அந்த வளவிலேயே இருக்கிறது. வளர்ந்த ஆண்கள் யூலை முடிவிலும் ஓகஸ்ட் தொடக்கத்திலும் கிளம்பத் தொடங்கிவிடுகின்றன. அது பூவும் பூச்சியும் மலிந்து கிடக்கிற காலம். சாப்பாடு நிறுத்தி வைக்கும் என்றால் அவை ஏன் போகின்றன? அவற்றுக்குப் பின்னால் தாய்மார் போகும். கடைசியாக, அந்த வருடம் பிறந்த இளசுகள் செப்டெம்பர் பாதி தாண்டியும் நின்று தின்றுவிட்டுப் போகும்.

இன்னொன்று. செப்டெம்பர் முடிவில் போத்தலுக்கு வருவது உங்கள் மகள் வளவில் வளர்ந்த சிட்டாக இருக்க வேண்டும் என்றில்லை. வடக்கே எங்கேயோ இருந்து வந்து, வழியில் இளைப்பாறுகிற ஒன்றாக இருக்கலாம். பூக்கள் வாடிவிட்ட அந்த நேரத்தில் போத்தலையும் கழற்றினால் பாவம் அந்த வழிப்போக்கனுக்குத்தான். கடைசிச் சிட்டைக் கண்ட நாளில் இருந்து இரண்டு கிழமை தொங்கட்டும், பிறகு கழுவி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைக் காட்டி நிறுத்தி வைக்க முடியும் என்றால், என் கணவாய்க் கறிக்கு என் பிள்ளைகள் மூவரும் உவர்மலையிலேயே நின்றிருப்பார்கள்.

முதிர்ந்தது எது, இளசு எது என்று எப்படிப் பிரித்தறிந்தீர்கள்? படங்களில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றனவே. அல்லது கற்பனையா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

ஐயா, கற்பனை செய்ய எனக்கு வராது. நான் கணக்குப் புத்தகம் எழுதியே பழகியவள்.

கனடாவின் அந்தப் பக்கத்தில் கூடு கட்டுவது ஒரே ஓர் இனம், செங்கழுத்துச் சிட்டு. வளர்ந்த ஆணின் கழுத்து மாணிக்கச் சிவப்பு. அதுவும் வெயில் சரியான கோணத்தில் பட்டால்தான். இல்லாவிட்டால் கரி பூசியதுபோல் இருக்கும். பெண்ணுக்கு வெள்ளைக் கழுத்து. இளசு ஆணோ பெண்ணோ, அதற்கும் வெள்ளைக் கழுத்துத்தான், ஆகவே குழப்பம் வருவது இயல்பு. ஆனால் இளம் ஆணின் கழுத்தை உற்றுப் பார்த்தால், இரண்டு நாள் மழிக்காத தாடிபோல் மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளுக்குள் ஓகஸ்ட் முடிவில் ஒன்றோ இரண்டோ சிவப்புத் தூவல் முளைக்கும். ஆராய்ச்சிக்காகப் பறவையின் காலில் வளையம் போடும் ஆட்கள் பூதக்கண்ணாடி வைத்து அலகைப் பார்ப்பார்களாம். இளசின் மேலலகில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கும், வயது ஏற ஏற அது வழவழப்பாகிவிடும். எனக்கு அந்தக் கண்ணாடியும் இல்லை, கையில் பிடிக்க அனுமதியும் இல்லை. நான் நம்பியிருந்தது நடத்தையை.

இளசு என்றால் எதைக் கண்டாலும் குத்திப் பார்க்கும். எங்களுடையவனுக்குக் கழுத்தின் நடுவில், சற்று இடப்பக்கமாக, ஒரே ஒரு சிவப்புத் தூவல். ஒன்பது வயதுப் பேத்தி அவனுக்குப் பொட்டு என்று பெயர் வைத்துவிட்டாள். பொட்டு முதலில் வந்தது போத்தலுக்கு அல்ல, உடுப்புக் கொடியில் இருந்த சிவப்புக் கவ்விக்கு. அதைச் சுற்றிச் சுற்றிக் குத்தினான். பிறகு தண்ணீர்க் குழாயின் சிவப்புத் திருகு. பிறகு நான். அன்று நான் போட்டிருந்த சட்டையில் பெரிய செவ்வரத்தைப் பூக்கள் அச்சடித்திருந்தன. கதிரையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அசையாமல் இருந்தேன். ஒரு முழம் தூரத்தில், என் நெஞ்சுக்கு நேரே, காற்றில் நின்றான். சிறகு தெரியவில்லை. வினாடிக்கு ஐம்பது தடவை அளவில் அடித்தால் எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் புகைபோல ஒரு மங்கல் மட்டும். ஆனால் சிறகுக் காற்று கழுத்தில் பட்டது. பழைய மேசை விசிறி கடைசி வேகத்தில் சுற்றும்போது வரும் சத்தம். கால்களை வயிற்றுத் தூவலுக்குள் மடித்து வைத்திருந்தான். தலையை ஒருக்களித்து, ஒரு கண்ணால் என் முகத்தைப் பார்த்தான். அது பூ இல்லை என்று தெரிந்ததும் பின்பக்கமாகவே பறந்து விலகினான். ரிவர்சில் போகிற பறவையை நான் அன்றுதான் கண்டேன்.

போத்தலைக் கண்டுபிடித்த பிறகும் துவாரம் எது என்று அவனுக்கு விளங்கவில்லை. மூடிக்கும் கிண்ணத்துக்கும் இடையில் உள்ள வெடிப்பில் அலகை நுழைத்து நுழைத்துப் பார்ப்பான். ஒரு வயதான பெண் சிட்டு வந்து, நேரே துவாரத்துக்குப் போய்க் குடித்துவிட்டுப் போகும். பார்த்துப் படித்தானோ, தற்செயலாகப் பட்டதோ, மூன்றாம் நாள் சரியாகக் குடித்தான். நாலாம் நாளில் இருந்து போத்தல் அவனுடைய சொத்து. தக்காளிக்கு நட்ட தடியின் நுனியில் குந்தியிருந்து, வருகிற இளசுகள் அத்தனையையும் துரத்தினான். பேத்தி ஒருநாள் பின்னேரம் கொப்பியில் கோடு போட்டு எண்ணினாள். ஒரு மணித்தியாலத்தில் அவன் குடித்தது 7 தடவை, துரத்தியது 23 தடவை. 3 கிராம் உடம்பில் இவ்வளவு காணித் தகராறு.

செப்டெம்பர் பாதியில் அவனுடைய உருவமே மாறிவிட்டது. தடியில் இருக்கும்போது பிள்ளையார் வயிறு. துரத்துவதும் குறைந்துவிட்டது. குளிர்ந்த காலைகளில் தூவலைச் சிலிர்த்துப் பஞ்சு உருண்டைபோல் இருப்பான், கூப்பிட்டாலும் அசையமாட்டான். இரவில் அந்தச் சாதிக்கு ஒரு வித்தை உண்டு. உடம்புச் சூட்டைப் பெருமளவு இறக்கி, பறக்கையில் நிமிடத்துக்கு 1,200 தடவை வரை அடிக்கும் இதயத்தை மந்தமாக்கி, செத்ததுபோல் கிடந்து சக்தியை மிச்சம் பிடிக்கும். விடிந்ததும் மீண்டும் சூடேற்றிக்கொள்ள நேரம் எடுக்கும்.

18ஆம் திகதி மாலை நெடுநேரம் குடித்தான். அன்று இரவு காற்று வடமேற்குக்குத் திரும்பியது. மருமகன் யன்னல்களைச் சாத்தினார். மறுநாள் தடி நுனியில் ஒருவரும் இல்லை. பேத்தி பாடசாலை போகும்வரை பார்த்தாள், வந்த பிறகும் பார்த்தாள். கொப்பியில் திகதியை எழுதி அடியில் கோடு போட்டோம்.

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். வெள்ளைச் சீனி மனிதருக்கே கெடுதல் என்கிறார்கள். தேன் அல்லது பனங்கட்டி கரைத்து வைக்கச் சொல்லட்டுமா?
வாசகி, தம்பலகாமம்

சொல்லாதீர்கள். நானும் அதே பிழையைச் செய்தவள்தான். போய் இறங்கிய மூன்றாம் நாள், மகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஊரில் இருந்து கொண்டுபோன பனங்கட்டியில் இரண்டு துண்டைக் கரைத்துப் போத்தலில் ஊற்றிவிட்டேன். நல்ல சாமான் குடிக்கட்டுமே என்ற எண்ணம். மகள் வந்தாள், போத்தலின் நிறத்தைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் கழற்றிக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் ஊற்றினாள். பனங்கட்டி போனதைவிட அந்தப் பேசாமைதான் எனக்கு வலித்தது.

விசயம் இதுதான்: பனங்கட்டி, சர்க்கரை, பழுப்புச் சீனி எல்லாவற்றிலும் இரும்புச்சத்து உண்டு. நமக்கு அது நன்மை. அந்தச் சின்ன உடம்பில் அது தங்கி நஞ்சாகிவிடும். தேன் தண்ணீரில் கரைந்ததும் புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். அந்தச் சிட்டுகள் விரும்புகிற பூக்களின் தேனில் பெரும்பங்கு சுக்குரோசு, நம்முடைய வெள்ளைச் சீனியும் சுக்குரோசுதான். ஒரு சுண்டு சீனிக்கு நாலு சுண்டு தண்ணீர், அவ்வளவுதான் கணக்கு. சிவப்புச் சாயம் கலக்கத் தேவையில்லை, போத்தலின் மூடி சிவப்பாக இருந்தால் போதும்.

சீனியைவிடப் பெரிய விசயம் கழுவுவது. ஓகஸ்ட் வெயிலில் ஒரு கலியாணத்துக்காக மூன்று நாள் மொன்றியல் போய் வந்தோம். வந்து பார்த்தால் போத்தலில் கஞ்சித் தண்ணீர், துவாரத்தைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். வெக்கை நாளில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும், சுடுநீரும் கொஞ்சம் வினாகிரியும் விட்டு, தூரிகையால் தேய்த்துக் கழுவி. அந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் போத்தலை வாங்காமல் விடுவதே குருவிக்குச் செய்யும் உதவி. எறும்புக்கு மட்டும் ஒரு நல்ல வழி கண்டேன். போத்தலின் கொழுவிக்கு மேலே தண்ணீர் நிறைந்த ஒரு சின்னக் கிண்ணம், அதைத் தாண்டி எறும்பு இறங்காது. நம்முடைய சாப்பாட்டு அலுமாரியின் காலுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை வைப்போமே, அதே வித்தை தலைகீழாக.

போன மாதம் பொழுதுபடும் நேரத்தில் எங்கள் வீட்டுப் பூமரத்தில் ரீங்காரச் சிட்டு ஒன்றை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடித்தது. இலங்கையில் இல்லை என்று நீங்கள் எழுதியது பிழை.
வாசகர், நிலாவெளி

நீங்கள் கண்டதை நம்புகிறேன், வைத்த பெயரைத்தான் நம்பவில்லை. ரீங்காரச் சிட்டில் 300க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அலாஸ்காவில் இருந்து தென்னமெரிக்காவின் தென்முனை வரை பரந்திருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இன்று ஒன்றுகூடக் காட்டில் வாழ்வதில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் அந்துப்பூச்சி. சிறகு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்ததா? உடம்பு மஞ்சளும் பச்சையும் கலந்து, வயிற்றில் ஒரு பட்டி இருந்ததா? அப்படியென்றால் காப்பிச் செடியின் இலையைத் தின்னும், வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழுவின் வளர்ந்த உருவம் அது. அதுவும் அந்தரத்தில் நின்றே குடிக்கும், அதுவும் ரீங்காரமிடும். அடுத்த தடவை தலையைப் பாருங்கள். உணர்கொம்பு இரண்டு தெரியும், அலகு இருக்காது, சுருட்டி வைக்கும் குழல் நாக்கு இருக்கும். நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன், அதுவும் கனடாவில் இருந்து வந்த பிறகு. ஆகவே கோபிக்க வேண்டாம்.

உங்களுக்கு ஆறுதலாக ஒரு செய்தி. 30 மில்லியன் வருடங்களுக்கு மேற்பட்ட ரீங்காரச் சிட்டு எலும்புகள் ஜெர்மனியில் கிடைத்திருக்கின்றன. ஜெரால்ட் மயர் என்ற ஆய்வாளர் 2004இல் அதை விவரித்து, எதிர்பாராதது என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்தார். ஆகவே நீங்கள் சற்றுத் தாமதமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் குருவி கடலைக் கடப்பது காட்டு வாத்தின் முதுகில் ஏறித்தான் என்று என் அண்ணர் சொல்கிறார். சரியா?
வாசகர், கிண்ணியா

இல்லை. வட அமெரிக்காவிலும் இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கனடா வாத்துப் புறப்படும் காலம் வேறு, போகும் இடமும் வேறு. சிட்டு போய்ச் சேரும் மத்திய அமெரிக்காவுக்கு அது போவதே இல்லை.

சந்தேகம் எடையால் வருகிறது. தபாற்கந்தோர்த் தராசு எனக்குப் பழக்கம் என்பதால் அந்தக் கணக்கில் சொல்கிறேன். சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம். புறப்படும் நாளில் கொழுத்த சிட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். உறைகூட இல்லாத ஒரு தாள். அது மெக்சிக்கோ வளைகுடாவை நேரே கடந்தால் 800 கிலோமீற்றர் அளவு, இருக்க ஓர் இடமில்லாமல், இருபது மணித்தியாலம்வரை. பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனைக்குப் போய், காலை ஊன்றாமல் திரும்பி வருவதற்குக் கிட்டத்தட்டச் சமம். எல்லாச் சிட்டும் அப்படிப் போவதில்லை, டெக்சாஸ் கரையைச் சுற்றிக்கொண்டு போகிறவையும் பல. அண்ணருக்கு இந்த இரண்டாவது வகை பிடிக்கும்.

தாய்க்குருவி முன்னாலேயே போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் குஞ்சுக்கு வழி காட்டுவது யார்?
ஏழாம் ஆண்டு மாணவி, மூதூர்

மகள், இந்த மாதம் வந்ததில் நல்ல கேள்வி உங்களுடையதுதான்.

ஒருவரும் காட்டுவதில்லை. தகப்பன் குஞ்சைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தாய் தனியாகவே கூடு கட்டி, தனியாகவே ஊட்டி, கூட்டை விட்டு வந்த பிறகும் கொஞ்ச நாள் ஊட்டிவிட்டு, பிறகு போத்தலடியில் தன் குஞ்சையே துரத்தும். இந்தச் சிட்டுகள் கூட்டமாகவும் போவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே. எந்தக் காலத்தில், எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்பது முட்டையோடேயே வருகிறது.

வேறொரு பறவையை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். நெதர்லாந்தில் பேர்டெக் என்பவர், மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகள் வலசை போகும் வழியில் 11,000 அளவில் பிடித்து, வளையம் போட்டு, சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். முடிவை 1958இல் வெளியிட்டார். முன்பு போய் வந்த பெரியவை, தாங்கள் வேறிடத்துக்கு வந்துவிட்டதை அறிந்து, திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமான இடத்தை நோக்கிப் போயின. இளசுகளோ நெதர்லாந்தில் இருந்து எந்தத் திசையில் போக வேண்டுமோ அதே திசையில் பறந்து, பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. எங்கள் தொழிலின் பாசையில் சொன்னால், பெரியவைக்கு முழு முகவரியும் தெரியும், இளசுக்குத் தெரிந்தது திசையும் தூரமும்தான்.

ஒரு தடவை போய் வந்தால் முகவரி பதிந்துவிடும். வளையம் போட்ட செங்கழுத்துச் சிட்டுகள் அடுத்த வருடம் அதே வீட்டு வளவுக்கே திரும்பி வந்திருக்கின்றன. இந்த வருடம் மே மாதம் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். போன வருடத்துத் தக்காளித் தடியின் நுனியில் ஒரு வளர்ந்த ஆண். பேத்தி தொலைபேசியில் கத்துகிறாள், "அம்மம்மா, பொட்டு வந்துவிட்டான்!" நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்து முழுவதும் சிவப்பு. பொட்டு இருந்த இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருகோணமலையில் அப்படி ஒரு போத்தல் தொங்கவிட்டால் நம்முடைய தேன்சிட்டு வருமா?
பலர்

வரும், ஆனால் அதற்கு முன் முசுறு எறும்பு வரும்.

ஊரில் மூன்று தேன்சிட்டுகள் உண்டு. மஞ்சள் வயிறும் ஊதாப் பிட்டமும் கொண்டது, முழு ஊதா, மூன்றாவது நீண்டு வளைந்த அலகுள்ள லோட்டன். லோட்டன் என்பது 1752 முதல் 1757 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்து ஆளுநரின் பெயர். இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் ஓவியரை வைத்து இந்நாட்டுப் பறவைகளை வரைவித்த புண்ணியவான். ஆளுநராக என்ன செய்தார் என்று எவருக்கும் நினைவில்லை, குருவியில் பெயர் நிற்கிறது.

தேன்சிட்டு ரீங்காரச் சிட்டின் சொந்தக்காரர் அல்ல. ஒரே தொழில் செய்வதால் சாயல் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். நம்முடையது கிளையில் கால் ஊன்றி இருந்துதான் பெரும்பாலும் குடிக்கும், அவசரத்துக்கு மட்டும் அந்தரத்தில் நிற்கும். வலசையும் போவதில்லை. ஆகவே கொழுப்பேற்ற வேண்டிய அவசரமும் அதற்கு இல்லை. செவ்வரத்தை, முருங்கை, மாதுளை, எக்சோரா ஏதாவது ஒன்று வளவில் நின்றால் போதும். மாமரத்துக் குருவிச்சையை முழுவதும் வெட்டி எறியாமல் ஒரு கொத்தையாவது விடுங்கள், அந்தப் பூவில்தான் தேன்சிட்டுகளின் சந்தை. ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் போத்தலைவிடப் பெரிய புண்ணியம். (கச்சான் என்றதும் கடலை விற்பவரை நினைக்கிற சின்னப்பிள்ளைகளுக்கு: நான் சொல்வது மேல்காற்றை.)

ஒட்டறையையும் கொஞ்சம் மன்னியுங்கள். இரண்டு சாதிக்கும் கூடு கட்டச் சிலந்தி நூல் வேண்டும். பொட்டின் தாய், மரப்பாசித் துணுக்குகளைச் சிலந்தி நூலால் ஒட்டி, கிளைமேல் ஒரு சின்னக் கிண்ணம் செய்யும். நம்முடையது சருகு, மரப்பட்டை, புழுவின் எச்சம் எல்லாவற்றையும் அதே நூலால் கட்டி, வாசலுக்கு மேலே ஒரு தாழ்வாரமும் வைத்து, தொங்கும் பையாகப் பின்னும். எங்கள் விறாந்தை மின்குமிழின் வயரில் ஒன்று கட்டியது. குஞ்சு பறக்கும்வரை நாங்கள் விளக்குப் போடவில்லை. வந்தவர்கள் எல்லாம் மின்கட்டணம் கட்டவில்லையா என்று கேட்டார்கள். இங்கே தகப்பனும் சேர்ந்து ஊட்டியது, அதையும் பதிவு செய்கிறேன்.

பறவையைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்க உங்களுக்கு வேறு வேலை இல்லையா?
பெயர் எழுதவில்லை, தபால் முத்திரை திருகோணமலை

இல்லை. ஓய்வூதியம் வருகிறது.

வலசைக்கு முன் இளசுகள் தவிப்பதை இங்கே நின்று பார்க்க வழியுண்டா?
வாசகி, சீனன்குடா

அந்தக் காட்சிக்கு நாம் மறுகரையில் இருக்கிறோம். வடக்கே புறப்பட்டவை நம்மிடம் வந்து சேரும். செப்டெம்பரில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக இருக்கும்போது வால்களைப் பாருங்கள். வளர்ந்ததற்கு வாலின் இரு ஓரமும் நூல்போல நீண்டிருக்கும், அந்த வருடத்துக் குஞ்சுக்குக் குட்டை, கழுத்துச் சிவப்பும் மங்கல். அது அங்கே இருக்கிறது என்றால் முதல் தடவையாக அவ்வளவு தூரத்தையும் முடித்துவிட்டது என்று பொருள். பிறகு வால்நீண்ட வெள்ளைக் குருவி. சிங்கள அயலவர்கள் அதை ரெதி ஹொரா, துணித் திருடன் என்பார்கள். இங்கேயே வாழும் அதன் செம்பழுப்பு உறவுக்கு கினி ஹொரா, நெருப்புத் திருடன். வெள்ளை ஆண் இந்தியாவில் இருந்து வருவது, குளிர்காலத்தில் மட்டும்.

என் செல்லம் ஆறுமணிக்குருவி. ஒக்டோபரில் வரும், ஏப்ரல் அளவில் போய்விடும். பச்சை முதுகு, சந்தன வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில் ஒரு குட்டை. விடியவும் பொழுதுபடவும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், பகலில் சருகுக்குள் கிளறித் திரியும். இரவில் பறந்து வருவதால் களைத்து, வெளிச்சத்தில் மயங்கி, வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் விழுவதுண்டு. அப்படிக் கிடைத்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படம் எடுக்காதீர்கள். துளையிட்ட மட்டைப் பெட்டிக்குள், இருட்டில், பூனைக்கு எட்டாத இடத்தில் சில மணித்தியாலம் வையுங்கள். விடிந்ததும் பற்றையடியில் பெட்டியைத் திறந்துவிட்டு நீங்கள் விலகி நில்லுங்கள், அது தன் பாட்டில் நடந்து போய்விடும்.

இந்த வருடம் முதல் சீழ்க்கையைக் கேட்பவர்கள் இடம், திகதி, நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். போன வருடம் கிணற்றடியில் நான் கேட்டது ஒக்டோபர் 11, காலை 5.50. கனடாவில் இருந்து வந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை, நித்திரை இன்னும் ஊர் நேரத்துக்குத் திரும்பவில்லை, அதனால்தான் கேட்டேன். தபாலட்டையில் எழுதினால் எனக்குக் கூடுதல் சந்தோசம். ஆனால் தயவுசெய்து முகவரியைத் தெளிவாக எழுதுங்கள்.